குனியாத ஐயா

கதிரை தானாக இறங்கியது.

யாரும் அதன் பிடியைத் தொடவில்லை. கஜேந்திரன் உட்கார்ந்த இடத்தில் அசையக்கூட இல்லை. முதுகுக்கு வளைவு, கைக்குத் தாங்கல், கழுத்துக்குத் திண்டு என்று சகல வசதியும் கொண்ட அந்தச் சுழல் கதிரை, கொழும்புக் கொம்பனி அவனுக்கென்றே அனுப்பிவைத்த அந்த மகா கதிரை, நீளமாக ஒரு மூச்சை விட்டபடி கீழே போய்க்கொண்டே இருந்தது; மேசை விளிம்பு அவன் நெஞ்சுக்கு ஏறி வந்தது. யாரோ பின்னால் வந்து பெரிய பொதியொன்றை அவன் தோளில் சாய்த்து வைத்த மாதிரி இருந்தது. ஈரச் சாக்கின் வாடையும் பச்சைக் கொழுந்தின் வாடையும் மூக்கில் ஏறின. பிறகு காதுக்குப் பக்கத்தில், மிகவும் பக்கத்தில், ஒரு பெண் குரல் ஆசுவாசமாகச் சொன்னது.

"அம்மாடி."

அடுத்த கணம் பாரம் விலகியது. கதிரை பழையபடி மேலே வந்தது. வெளியே தகரக் கூரையில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

கூப்பிட்ட குரலுக்குப் பெரிய கிளாக்கர் சுதாகரன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு கதவருகே வந்து நின்றார்.

"இந்தக் கதிரையில யாராவது கை வச்சீங்களா?"

"இல்லைங்க சேர். தொட்டா ஏசுவீங்கன்னு தூசிகூட தட்டுறதில்ல."

"கதிரைக்குள்ள இருக்கிற கேஸ் போயிருக்கு போல. கொழும்புக்கு அறிவிங்க."

"சரிங்க சேர்." சுதாகரன் திரும்பப் போனவர், நின்று மூக்கை உறிஞ்சினார். "இங்க என்ன சேர், கொழுந்து வாசம் அடிக்குது?"

ஒபிசுக்குள் கொழுந்து வாசம் வருவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

இந்தக் கஜேந்திரனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு அதிகம் இல்லை. கித்துல்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கீழே களனி கங்கையில் வெள்ளைக்காரர்கள் காற்றடைத்த படகில் அலறிக்கொண்டு போவது மலையுச்சி வரைக்கும் கேட்கும். அந்தத் தோட்டத்துக்கு அவன் தொழிற்பாதுகாப்பு அதிகாரி. டிப்ளோமாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெண்கள் குளிரில் குறுகி நிற்கும்போது, வெறும் அட்டைப்பெட்டி ஒன்றைத் தரையில் வைத்து அதைத் தூக்குவது எப்படி என்று செய்து காட்டுவான். முழங்காலை மடக்க வேண்டும். முதுகை வளைக்கக்கூடாது. குனியாதீங்க, குனியாதீங்க என்று அவன் தொண்டை கிழியக் கத்த, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பெட்டிக்குள் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். குனியாத ஐயா என்று பெயர் வைத்தார்கள். அது காதில் விழுந்தபோது, நம் மீது இவர்களுக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டான். புத்தி அந்த அளவுக்குத்தான்.

பக்கத்துத் தோட்டத்தில், கூலிக்காரர் லயத்து வீடொன்றில் பிறந்தவன். அவனைப் பெற்றவள் கொழுந்துச் சாக்கைத் தலைக்கயிற்றில் சுமந்து சுமந்து, கயிறு பதிந்த இடத்தில் முடி முளைக்காமல் போனவள். ஊர் எது என்று யாராவது கேட்டால் கேகாலை டவுன் என்பான்.

மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்குகிற பாதை ஓரிடத்தில் சட்டென்று வளையும். போன மழைக்காலத்தில் அந்த வளைவில்தான் ஷாமிளா செத்தாள். நிறைமாதம். லேசான வேலைக்கு மாற்றிவிடச் சொல்லி இவனிடம் வந்து கேட்டாள்; அடுத்த கிழமை பார்ப்போம் என்றான். அடுத்த கிழமையும் அதையே சொன்னான். அன்றைக்கு நனைந்த சாக்கு முதுகில் கனக்க, வயிற்றை ஒரு கையால் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தவள், வளைவில் குடையோடு நின்ற இவனைக் கண்டாள்.

"ஐயா, ஒரு கை குடுங்க."

சுமையோடு வருகிறவர் அப்படிக் கேட்டால் எதிரே நிற்கிறவர் கொடுத்தாக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பகையாளியாக இருந்தாலும், ஒரு கை பிடித்து இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. மலையில் அதற்கு விலக்குக் கிடையாது. கஜேந்திரனுக்கு ஒரு கையில் குடை, மறு கையில் போன். அவன் கை கொடுக்காமல் பாடம் எடுத்தான். முதுகை நேராக வைத்துக்கொண்டு, முழங்காலை மெதுவாக மடக்கி, அப்படியே இறக்க வேண்டும் என்றான். அவள் மரியாதை தெரிந்த பிள்ளை. சொன்னபடியே முழங்காலை மடக்கினாள். பிறகு எழும்பவில்லை.

தவறான முறையில் பாரத்தை இறக்கியதால் ஏற்பட்ட விபத்து என்று விசாரணையில் சொல்லிவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் போனான்.

கருமாதி முடிந்ததும் லயத்து ஆட்கள் அந்த வளைவில் சுமைதாங்கி நட்டார்கள். நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கல்லை நிறுத்தி, மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். பிள்ளையை வயிற்றோடு கொண்டுபோனவளுக்கு அப்படித்தான் செய்வது. இறக்கி வைக்காத பாரத்தோடு போனவள் அலைவாள். நாலு பேர் அவள் பேரில் பாரம் இறக்கினால் அவளுடைய பாரமும் இறங்கும். மலையிலிருந்து வரும் பெண்கள் அங்கே திரும்பி நின்று முதுகுச் சாக்கைக் கல்லில் சாய்ப்பார்கள். அம்மாடி என்பார்கள். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டு போவார்கள். டிப்ளோமா இல்லாத அந்தக் கல் அத்தனை பேர் முதுகையும் காப்பாற்றிக்கொண்டு நின்றது.

அதைத்தான் இவன் பிடுங்கினான். தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் தோட்டத்தைச் சோதிக்க ஒடிட் வருவதாக இருந்தது. ஒடிட் நல்லபடி முடிந்தால் கஜேந்திரனுக்குக் கொழும்புத் தலைமை ஒபிசில் இடம். லிஃப்ட், ஏசி, கண்ணாடி ஜன்னல், அட்டைக்கடி இல்லாத வாழ்க்கை. அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்காரி வளைவில் நின்று இது யாருக்கு வைத்த கல் என்று கேட்டால் என்ன சொல்வது? பாதையில் தடங்கல் என்று ஒரு காரணம் சொன்னான். தோட்டத்து ஆண்கள் ஒருவரும் கை வைக்க மறுத்ததால், வெளியிலிருந்து ட்ரெக்டரும் ஆளும் பிடித்து வந்தான். பிடுங்கிய கல் ஃபெக்டரிக்குப் பின்னால், துருப்பிடித்த பீப்பாய்களுக்குப் பக்கத்தில் கிடந்தது.

பிடுங்கும்போது இருளாயி மட்டும் வந்து நின்று பார்த்தாள். அவள் ஷாமிளாவின் நாத்தனார்.

"இனி பாரத்த எங்கங்க எறக்குறது?"

"எறக்கவே வேணாம். நேரா மடுவத்துக்குப் போங்க. இது ஆபத்தான எடம்."

"நாங்க போயிருவோம். அவ எங்க எறக்குவா?"

"யாரு?"

இருளாயி வெற்றிலை எச்சிலை அவன் சப்பாத்துக்குப் பக்கத்தில் துப்பிவிட்டுப் போனாள்.

கதிரை இறங்கியது அதற்குப் பிறகு. அதோடு நிற்கவில்லை. ஃபெக்டரியில் புதிதாகக் கட்டிய கை கழுவும் இடத்தில் குனிந்து குழாயைத் திறந்தபோது வந்தது. கிடங்குப் படியில் ஏறும்போது வந்தது. சவரம் செய்ய முகத்தில் சவர்க்காரம் பூசிக்கொண்டு நிற்கும்போது வந்தது. ஒவ்வொரு தடவையும் முதலில் மூச்சு கேட்கும். தொலைவில், எங்கோ மேலே, ஏற்ற இறக்கங்களில் பழகிய ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் விடுகிற மூச்சு. பிறகு ஈரக் கயிறு இழுபட்டு முனகும் சத்தம். பிறகு சேற்றில் வெறுங்கால் சளக் சளக்கென்று வைத்து வரும் சத்தம், சீமெந்துத் தரையிலும் அதே சேற்றுச் சத்தம். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் தோளில் பாரம் விழும். அம்மாடி. எழும்பும். போகும். கண்ணாடியில் அவனைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். சவர்க்கார நுரையில் மட்டும் நனைந்த தேயிலை இலையொன்று ஒட்டியிருக்கும்.

பயந்தான். நன்றாகவே பயந்தான். ஆனால் டிப்ளோமா படித்தவன் பயப்படலாமா? தூக்கம் போதவில்லை என்றும் கழுத்தெலும்பு தேய்மானம் என்றும் தனக்குத்தானே விரிவுரை நடத்திக்கொண்டான்.

ஒடிட்டுக்காகத் தராசைச் சோதிக்க மடுவத்துக்குப் போன அன்று அந்த விரிவுரையும் முடிந்தது. தரையில் வைக்கும் பெரிய தராசு. கங்காணி இருளப்பன் பக்கத்தில் நிற்க, கஜேந்திரன் தானே அதில் ஏறி நின்றான். முள் சரியான இடத்துக்குப் போய் நின்றது. அவன் திருப்தியாகத் தலையை ஆட்டினான். அப்போது மேலே பாதையில் மூச்சு கேட்டது. ஒன்றல்ல. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக, இறக்க இடமில்லாமல் வருகிற பலருடைய மூச்சு. முள் நடுங்கியது. நகர்ந்தது. ஓர் ஆள் எடை, இரண்டு ஆள் எடை என்று ஏறி, வட்டத்தைச் சுற்றி முடிந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்று துடித்தது. காலுக்குக் கீழே தராசுப் பலகை கிறீச்சிட்டது.

இருளப்பன் முள்ளைப் பார்த்தான். கஜேந்திரனைப் பார்த்தான். அவனுடைய தோளுக்கு மேலே வெறும் காற்றில் எதையோ தேடிப் பார்த்தான்.

"தராசு பழுதுங்க ஐயா," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் கஜேந்திரனுக்குப் பக்கத்தில் நிற்கவே இல்லை.

அன்றைக்குக் குளிக்கும்போது தோளில் கை வைத்தான். தோல் தடித்துச் சொரசொரவென்று இருந்தது. கிள்ளிப் பார்த்தான்; வலிக்கவில்லை. நகம்தான் பிளந்தது. முதுகுப் பக்கம், கை எட்டுகிற இடத்தில், ஏதோ வழுவழுத்தது. விரலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். பச்சைப் பாசி. தேய்த்தான், தேய்த்தான், தோள் சிவக்கவும் இல்லை, பாசி போகவும் இல்லை.

கேகாலை டவுனில் டொக்டர் ஜஸீல் அவனுடைய முழங்காலில் ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார். டொக் என்று சத்தம் வந்தது. கால் துள்ளவில்லை. டொக்டர் இன்னொரு தரம் தட்டிவிட்டுச் சுத்தியலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏதும் பாரத்தைப் பிழையா தூக்கினீங்களா?"

"நான் பாரமே தூக்குறதில்ல."

"அப்ப சரி," என்றார் டொக்டர், வேறென்ன சொல்வது என்று தெரியாமல். பூச்சுத் தைலம் ஒன்று எழுதிக் கொடுத்தார்.

ஒடிட்டுக்கு முந்திய நாள் பகல். மழை விட்டு மலை முழுக்க ஆவி ஏறிக்கொண்டிருந்தது. கஜேந்திரனால் இப்போது கழுத்தைத் திருப்ப முடியவில்லை; கழுத்தோடு சேர்த்து உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. பாரமும் முன்னைப்போல் உடனே எழும்புவதில்லை. வைத்தவள் நின்று நிதானமாக மூச்சு வாங்கிக்கொள்கிறாள். ஒருநாள் வைத்துவிட்டு எடுக்காமலே போய்விட்டால்? அந்த நினைப்பு வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சுதாகரன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவர் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. ஓய்வு பெறும் வரைக்கும் வம்பு வராமல் இருந்தால் போதும் என்கிற ரகம். அன்றைக்கு அவருடைய முகம் வெளிறியிருந்தது.

"சேர், ட்ரெக்டர் வெளியதான் நிக்குது. கல்ல கொண்டுபோய் வச்சிருவோம். இப்ப போனா வெளிச்சத்தோட முடிச்சிரலாம்."

"ஏன்?"

"நீங்க கதவால உள்ள வர்றப்ப, சேர்..." சுதாகரன் கதவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க வந்ததுக்குப் பொறகும் கதவுகிட்ட தண்ணி சொட்டுது. ஒங்களுக்குப் பின்னால நின்னு சொட்டுது."

கஜேந்திரனுக்கு ஆம் என்று சொல்லத்தான் ஆசை. உடம்பெல்லாம் அதற்குத்தான் கெஞ்சியது. ஆனால் கண்முன்னே வெள்ளைக்காரி வந்து கல்லைக் காட்டிக் கேட்டாள். கொழும்பு லிஃப்டின் கதவு மூடிக்கொண்டது. ஒரே ஒரு நாள்தானே.

"ஒடிட் முடியட்டும். அடுத்த கிழமை பார்ப்போம்."

சுதாகரன், புத்தி கெட்டவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையைக் கஜேந்திரன் இதுவரை மற்றவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறான். அவர் குடையை எடுத்துக்கொண்டு, நேரம் ஆவதற்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கல் இருந்த இடத்தில் இரண்டு குழி தெரிந்தது. அதை மறைக்க ஒரு மஞ்சள் பலகை அடித்து வைத்திருந்தான்: முதுகைக் காப்போம், முறையாகத் தூக்குவோம். நட்டு வைக்கச் சொன்னால் ஒருவரும் வளைவுப் பக்கம் வரத் தயாரில்லை. கடைசியில் தானே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினான். மலையில் பெண்கள் கொழுந்து எடுத்து முடிக்கும் நேரம். கங்கைப் பக்கம் படகுக்காரர்களின் கூச்சல் கேட்டது. பிறகு பனிமூட்டம் ஏறி அதை மூடிவிட்டது. ரப்பர் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. பலகையை நிறுத்த வாகாக, ஒரு காலை ஒரு குழியிலும் மறு காலை மறு குழியிலும் ஊன்றினான்.

கால் சரியாகப் பொருந்தியது.

எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

மேலே மூச்சு கேட்டது. கயிறு முனகியது. அவன் இழுத்தான். இடுப்பைத் திருகினான். கணுக்காலைச் சுற்றி மண் இறுகியது. குளிர் ஏறியது. முழங்கால். தொடை. கை இரண்டையும் விரித்து எதையாவது பிடிக்கப் பார்த்தான். விரித்த கை விரித்தபடியே நின்றது. பலகை சேற்றில் விழுந்தது.

பெண்கள் வந்தார்கள். உயிருள்ள பெண்கள். தினமும் பெரட்டில் அவன் முன்னால் நிற்பவர்கள். கஜேந்திரனுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். ஒரு கை குடுங்க என்று கத்தினான். வாய் திறக்கவில்லை.

முதலில் வந்தவள் இருளாயி. அவனை நேருக்கு நேர் பார்த்தாள். அவளுடைய கண் அவன் முகத்தில் எங்கும் நிற்கவில்லை.

"அடியே, கல்ல திரும்ப நட்டுட்டானுங்க."

"குனியாத ஐயாவுக்குப் புத்தி வந்துருச்சு போல," என்றாள் பின்னால் வந்தவள்.

"அவனுக்கா? நாளைக்கு வர்றவுங்களுக்கு வேசம் காட்ட வச்சிருப்பான். போனதும் புடுங்கிருவான் பாரு."

இருளாயி திரும்பி நின்று சாக்கைச் சாய்த்தாள். அம்மாடி. தோள் விண்ணென்று தெறித்தது. எடுத்துக்கொண்டு போனாள். அடுத்தவள். அதற்கு அடுத்தவள். சேற்றுக் காலை மஞ்சள் பலகையில் துடைத்தார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி சுண்ணாம்பு விரலை அவன் கன்னத்தில் தேய்த்துவிட்டுப் போனாள். பேச்சு பாதையில் இறங்கி, தேய்ந்து, மறைந்தது.

மலையில் இனி யாரும் இல்லை.

மூச்சு.

மெதுவாக. நின்று நின்று. பனிமூட்டத்துக்குள் சேறு சளக்கென்றது. சளக். நின்றது. சளக்.

ஷாமிளா ஒரு கையால் வயிற்றை ஏந்திக்கொண்டு வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அவனுக்கு எதிரே நின்றாள். இவளுக்கு மட்டும் அவன் தெரிந்தான். முகத்தில் கோபம் இல்லை. வேலை முடிந்து வருகிற எந்தப் பெண்ணுக்கும் இருக்கிற களைப்புத்தான்.

"ஐயா," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

திரும்பி நின்றாள். நெற்றியிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். பாரம் வந்து இறங்கியது. கல்லுக்குள் எங்கோ எலும்பு நொறுங்கியது. அவன் காத்திருந்தான். அவள் எடுப்பாள். எல்லோரும் எடுத்தார்களே. மூச்சு வாங்கிவிட்டு எடுப்பாள்.

அவள் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, முதுகை நன்றாக நிமிர்த்தி, சோம்பல் முறித்தாள். வயிறு தட்டையாக இருந்தது. கையை வீசிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி பாதையில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மழை மறுபடி பிடித்தது. அவன் தோளின் மேல், ஈரச் சாக்குக்குள், பச்சைக் கொழுந்துக்கு நடுவில், சின்னதாக ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. காலை நீட்டி அவனை உதைத்தது. பிறகு பாலுக்கு அழத் தொடங்கியது.